யாரென்று தெரியாதவருக்கு ஒரு சொம்பு தண்ணீர்



குழுவுக்குள்ளே நாம் ஒருவருக்கொருவர் எப்படி இருக்கிறோம் என்று புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஓர் உறுப்பினர் வீட்டில் திடீர் ஆஸ்பத்திரிச் செலவு என்றால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்காமல் கூடிப் பேசி உள்கடன் கொடுக்கிறோம். ஒருத்தி தவணை கட்ட முடியாமல் தலை குனிந்து உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் இருப்பவர் சத்தம் காட்டாமல் முந்தானை முடிச்சை அவிழ்க்கிறார். ஏன்? அவளை நமக்குத் தெரியும். அவள் வீடு தெரியும், கஷ்டம் தெரியும். நாளைக்கு நமக்கு ஒன்று என்றால் அவள் ஓடி வருவாள் என்பதும் தெரியும்.

சரி, நம்மை யாரென்றே தெரியாதவருக்கு? இன்றைக்குப் பார்த்துவிட்டு இனி ஒருநாளும் பார்க்கப் போகாதவருக்கு? பஸ் நிறுத்தத்தில் மயங்கி உட்கார்ந்திருக்கும் வெளியூர்க் கிழவிக்கு, ரோட்டோரம் அடிபட்டுக் கிடக்கும் பையனுக்கு, பாஷை தெரியாமல் வழி கேட்டு நிற்கும் வடநாட்டுத் தொழிலாளிக்கு? அங்கேதான் "நமக்கெதுக்கு வம்பு" என்று கால் தானாக ஒதுங்குகிறது. மனசு கெட்டுப்போய் ஒதுங்குவதில்லை. பெரும்பாலும் என்ன செய்வதென்று தெரியாமலும் பயத்தாலும்தான் ஒதுங்குகிறோம்.

ஆனால் நம் முன்னோர்கள் இந்த விஷயத்தை வெறும் நல்ல மனசு என்று விட்டுவிடவில்லை. முகம் தெரியாத ஆளுக்கு உதவுவதை ஒரு வேலையாக, கணக்குப் போட்டு, அளவு பார்த்துச் செய்திருக்கிறார்கள். அதற்குச் சாட்சி இன்றும் நம் ஊர் ரோட்டோரத்தில் நிற்கிறது. பார்த்திருப்பீர்கள், ஆனால் கவனித்திருக்க மாட்டீர்கள்.

சுமைதாங்கிக் கல்

ரெண்டு கல்லை நட்டு, அதன் மேலே ஒரு நீளக் கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். ஏறக்குறைய நம் தோள் உயரம் இருக்கும். இப்போது அதில் ஆடு கட்டுகிறார்கள், போஸ்டர் ஒட்டுகிறார்கள், சில இடங்களில் ரோடு அகலப்படுத்தும்போது பெயர்த்தும் போட்டுவிட்டார்கள். அதுதான் சுமைதாங்கி.

தலைச்சுமை தூக்கியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். விறகுக் கட்டோ நெல் மூட்டையோ புல்லுக் கட்டோ, பாரத்தைத் தலையில் ஏற்ற ஒரு ஆள் கை கொடுக்க வேண்டும். இறக்கவும் ஒரு ஆள் வேண்டும். தனியாக வருகிற பொம்பளை நடுவழியில் களைத்துப் போனால் என்ன செய்வாள்? தரையில் போட்டுவிடலாம். ஆனால் திரும்பத் தூக்கிவிட யார் இருக்கிறார்கள்? அந்த வழியில் இன்னொருத்தர் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இருட்டிவிட்டால் அதுவும் இல்லை.

இந்தக் கல் இருந்தால் அந்தக் கவலை கிடையாது. பக்கத்தில் போய் லேசாக முழங்காலை மடக்கித் தலையைச் சாய்த்தால் பாரம் தானாகக் கல்லின் மேல் உட்கார்ந்துவிடும். பெருமூச்சு விட்டு, தண்ணீர் குடித்து, சும்மாட்டைச் சரிபண்ணி, மறுபடியும் தலையைக் கொடுத்து நிமிர்ந்தால் சுமை தலைக்கு வந்துவிடும். யாரையும் கூப்பிட வேண்டாம், யாரிடமும் கெஞ்ச வேண்டாம். இந்த உயரத்தை யோசித்துப் பாருங்கள். ரெண்டடி குறைந்தால் அது வெறும் உட்காரும் திண்டு. ரெண்டடி கூடினால் சுமை ஏறாது. செய்தவர் சுமை தூக்குகிறவளின் கழுத்து வலியை அறிந்து செய்திருக்கிறார்.

இந்தக் கல்லை எதற்காக நட்டார்கள் என்ற விவரம் நம்மைப் போன்ற பெண்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. பிள்ளையை வயிற்றில் சுமந்தபடி, அல்லது பிரசவத்தின்போது, ஒரு பெண் இறந்துபோனால் அவள் நினைவாகச் சுமைதாங்கி நடுவது பல ஊர்களில் வழக்கம். சுமையை இறக்காமலே அவள் போய்விட்டாளே, மற்றவர்கள் வந்து இங்கே சுமையை இறக்க இறக்க அவள் பாரமும் குறையும் என்று ஒரு நம்பிக்கை. நம்பிக்கை சரியா தவறா என்ற விவாதம் வேண்டாம். வீட்டில் ஒரு சாவு விழுந்த துக்கத்தில், அழுது முடித்த கையோடு, "வழியில் போகிற யாரோ ஒருத்திக்குக் கழுத்து வலிக்குமே" என்று ஒரு குடும்பம் நினைத்திருக்கிறது. அதைத்தான் நாங்கள் இங்கே சொல்ல வந்தோம். சில கற்களில் இறந்தவர் பெயரும் நட்டவர் பெயரும் வெட்டியிருக்கும். சுமை இறக்கிய ஆயிரம் பேரில் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

குளத்தங்கரைகளில் ஒற்றைக் கல் ஒன்று நட்டிருக்கும், அதையும் பார்த்திருப்பீர்கள். அது ஆவுரிஞ்சு கல். மாடு முதுகு அரித்தால் உரசிக்கொள்வதற்காக நட்டது. மாட்டுக்குக் கூட யோசித்திருக்கிறார்கள்.

திண்ணையின் சூட்சுமம்

பழைய வீடுகளில் வாசலுக்கு ரெண்டு பக்கமும் திண்ணை இருக்கும். வழிப்போக்கர் வந்து உட்காரலாம், மழைக்கு ஒதுங்கலாம், ராத்திரி படுத்துவிட்டு விடியலில் எழுந்து போகலாம். சில திண்ணைகளில் தலை வைக்கவும் முதுகு சாயவும் சரிவாகத் திண்டு பூசியிருப்பார்கள். விளக்கு வைக்க மாடக்குழி இருக்கும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. திண்ணை, கூரைக்குக் கீழே இருக்கிறது, ஆனால் கதவுக்கு வெளியே இருக்கிறது. உள்ளே ஒரு பெண் குழந்தைகளோடு தனியாக இருந்தாலும் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம். வெளியே ஒரு முகம் தெரியாத ஆளும் நனையாமல் தூங்கலாம். இரண்டு பேருக்கும் பயம் இல்லை.

இது இன்றைக்கும் நமக்குத் தேவையான பாடம்தான். அன்பு காட்டுவது என்றால் ஏமாளியாக இருப்பது என்று பொருள் இல்லை. தாகம் என்று வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பது வேறு. "நகையைப் பாலிஷ் போட்டுத் தருகிறேன்" என்று வந்தவனிடம் தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுப்பது வேறு. "ஒன்றுக்கு ரெண்டாகத் தருகிறோம், குழுப் பணத்தைப் போடுங்கள்" என்று சிரித்துப் பேசி வருகிறவரைக் கூட்டத்தில் உட்கார வைப்பது வேறு. தண்ணீர் திண்ணையிலேயே கொடுக்கலாம். கதவைத் திறக்க வேண்டியதில்லை.

புது வீடுகளில் திண்ணை போய்விட்டது. இரும்பு கேட்டும் "நாய்கள் ஜாக்கிரதை" போர்டும் வந்துவிட்டன. கேட்டுக்கு வெளியே ஒரு சிமெண்டு மேடை போட ரொம்பச் செலவாகாது. ஆனால் யாருக்கும் தோன்றுவதில்லை.

வாசலில் போடும் கடிதம்

விடியற்காலை எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுகிறோமே, அதை யார் பார்க்கிறார்கள் என்று எப்போதாவது நினைத்ததுண்டா? நம் வீட்டுக்காரர்கள் அதை மிதித்துக்கொண்டு போவார்கள்! நின்று பார்ப்பது யார்? பால்காரர், பள்ளிக்கூடம் போகிற அடுத்த தெருப் பிள்ளை, முதல் பஸ்ஸுக்குப் போகிற வெளியூர்க்காரர். ஒரு கம்பிக் கோலத்தைப் பார்த்துவிட்டு "அட!" என்று ஒரு நொடி நின்று போவார்கள். அவர்களுக்கு நம் பேர் தெரியாது. நாமும் கோலத்தின் ஓரத்தில் கையெழுத்துப் போடுவதில்லை. மத்தியானத்துக்குள் அழிந்துவிடும். மறுநாள் புதிதாக ஒன்று.

காசு வராத, பேர் வராத, நிற்காத ஒரு வேலையில் இத்தனை கற்பனையா! நேர்ப்புள்ளி, இடைப்புள்ளி, சிக்குக் கோலம், படிக்கோலம் என்று எத்தனை வகை. சிக்குக் கோலத்தில் கம்பி புள்ளியைச் சுற்றிச் சுற்றிப் போய் தொடங்கிய இடத்திலேயே வந்து சேர வேண்டும், நடுவில் அறுந்தால் கோலம் இல்லை. இந்தக் கணக்கு பெரிய படிப்பாளிகளையே இழுத்திருக்கிறது. 1970-களில் சென்னை கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர்கள் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் மற்றும் சிலரும், கோலத்தில் இருக்கும் ஒழுங்கைக் கணினிக்கான விதிகளாக எழுதி ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். நம் பாட்டிமார் எழுதப் படிக்கத் தெரியாமலே அந்த விதிகளை விரல் நுனியில் வைத்திருந்தார்கள்.

கோலம் புதியவரோடு பேசவும் செய்யும். வாசலில் கோலம் இருந்தால் வீட்டில் எல்லாம் நலம், வரலாம் என்று பொருள். கோலம் இல்லாவிட்டால் அங்கே துக்கம் இருக்கலாம். பிச்சை கேட்டு வருகிறவர் கூட அதைப் பார்த்துக் குரல் கொடுக்காமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அவரும் நம்மிடம் அப்படி ஒரு இங்கிதம் காட்டுகிறார் பாருங்கள்.

அரிசி மாவில் போட்டால் எறும்பும் குருவியும் தின்னும். இப்போது பெரும்பாலும் கல்மாவுதான். கோலம் பளிச்சென்று இருக்கிறது, எறும்புக்குத்தான் ஏமாற்றம். தினமும் முடியாவிட்டாலும் வெள்ளிக்கிழமையாவது ஒரு பிடி அரிசி மாவு சேர்த்துப் போடலாமே.

நாலாம் நாள் பானையில் தண்ணீர் இருக்கிறதா?

இப்போது தண்ணீர்ப் பந்தலுக்கு வருவோம். நம் குழுக்கள் உடனே செய்யக்கூடியது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

கோடையில் வழிப்போக்கருக்குத் தண்ணீரும் மோரும் கொடுப்பது நம் நாட்டில் மிகப் பழைய தருமம். மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்கு அழகரைப் பார்க்க வருகிற கிராமத்து ஜனங்களுக்கு வழியெல்லாம் நீர்மோரும் பானகமும் விசிறியும் கொடுப்பார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்களுக்கும், செப்டம்பர் திருவிழாவுக்கு வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களுக்கும் வழியில் உள்ள ஊர்க்காரர்கள் சோறும் தண்ணீரும் கொடுக்கிறார்கள். யார் எந்தச் சாமியைக் கும்பிடப் போகிறார் என்று தாகம் பார்ப்பதில்லை.

இன்றைக்கு மார்ச் கடைசியில் மூலைக்கு மூலை பந்தல் திறக்கிறார்கள். முதல் நாள் தர்பூசணி, வெள்ளரிப் பிஞ்சு, ரோஸ் மில்க், போட்டோ. நாலாம் நாள் போய்ப் பாருங்கள். பானை காய்ந்து, டம்ளரைக் கட்டிய சங்கிலி மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். தாகத்தோடு வந்தவர் பந்தலைப் பார்த்து ஆசையாகக் கிட்ட வந்து, வெறும் பானையைப் பார்த்துத் திரும்புவதைப்போல் வேதனை வேறு இல்லை. பந்தலே இல்லாவிட்டால் அவர் நேரே டீக்கடைக்காவது போயிருப்பார். உண்மையான அக்கறை முதல் நாளில் தெரியாது. நாற்பதாவது நாள் மத்தியானம் ரெண்டு மணிக்குப் பானையில் தண்ணீர் இருக்கிறதா என்பதில்தான் தெரியும்.

இது ஒருவரால் முடியாது. குழுவால் முடியும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏப்ரல், மே இரண்டு மாதமும் சேர்த்து 61 நாள். குழுவில் 12 பேர் என்றால் ஆளுக்கு 5 நாள் முறை, ஒருத்தருக்கு மட்டும் 6. ஒரு டம்ளர் 200 மில்லி என்று வைத்தால், 200 பேருக்கு 40 லிட்டர். நம் குடத்தில் மூன்று குடம். முறைக்காரர் காலையில் ஒரு குடம், பத்து மணிக்கு ஒன்று, உச்சிக்கு ஒன்று என்று நிரப்பினால் போதும். முறைப் பட்டியலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். எழுதாத முறை ஒரு வாரத்துக்கு மேல் ஓடாது, இது நமக்கு நன்றாகவே தெரியும்!

இடம் முக்கியம். நிழலும் பஸ் நிறுத்தமும் சேர்ந்த இடமாக, ரோட்டைக் கடக்காமல் வந்து குடிக்கும்படி இருக்க வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றுங்கள், அல்லது குளோரின் போட்ட பஞ்சாயத்துக் குடிநீராக இருக்கட்டும். அடியில் குழாய் வைத்த மண்பானை நல்லது. யாரும் உள்ளே டம்ளரை விட்டு மொள்ள மாட்டார்கள். சாதாரணப் பானை என்றால் நீளக் காம்பு அகப்பை ஒன்று வேண்டும், எடுத்து ஊற்ற ஆளும் வேண்டும். பானையின் கழுத்தில் வெள்ளைத் துணி, மேலே தட்டு, அடியில் ஈர மணல். தினமும் பானையைக் கவிழ்த்துக் கழுவ வேண்டும். பிளாஸ்டிக் டம்ளரும் தண்ணீர்ப் பாக்கெட்டும் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் மாநிலத்தில் தடை செய்யப்பட்டவை. எவர்சில்வர் டம்ளர் பத்து வாங்கினால் வருஷக்கணக்கில் வரும், காணாமல் போனால் ஒன்றிரண்டு போகும், போகட்டும்.

வாரம் ஒருநாள் மோர் கொடுக்க நினைத்தால் ஒரு பங்கு தயிருக்கு நாலு பங்கு தண்ணீர், உப்பு, தட்டிய இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி, துளி பெருங்காயம். அன்று காலையில் கடைந்ததாக இருக்க வேண்டும், சாயங்காலம் மிச்சம் வைக்கக் கூடாது. பானகம் என்றால் வெல்லம், சுக்கு, ஏலம், எலுமிச்சை. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள், அதனால் "பானகமா, தண்ணியா?" என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.

வெயிலில் தலை சுற்றுகிறது என்று வருகிறவருக்கு 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் சர்க்கரை 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன் (குவிக்காமல், தட்டி அளந்தது) கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். உடம்பு நெருப்பாய்ச் சுட்டு, பேச்சுக் குழறினால் அது சாதாரண மயக்கம் இல்லை. உடனே 108-க்குப் போன் செய்து, நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து விசிறுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. புரையேறி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

இந்த இடத்தில் ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பழைய தருமத்தில் எல்லோரும் "யாரோ ஒருவர்" இல்லை. திண்ணையில் உட்காரச் சிலருக்குத்தான் உரிமை இருந்தது. தண்ணீரைச் சிலருக்குச் சொம்பில் கொடுத்தார்கள், சிலரைக் கையைக் குவிக்கச் சொல்லி மேலிருந்து ஊற்றினார்கள். டீக்கடையில் ரெட்டைக் குவளை வைத்தார்கள். அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு 1950-லேயே தீண்டாமையை ஒழித்துவிட்டது. ஆனாலும் பந்தலில் நிற்கும்போது சிலர் கை தயங்குவதை நாம் பார்க்காமல் இல்லை. நம் குழுப் பந்தலில் ஒரே பானை, ஒரே மாதிரி டம்ளர், எல்லோருக்கும் கையில்தான் கொடுக்க வேண்டும். இதற்குச் சம்மதிக்காத உறுப்பினர் இருந்தால் பந்தல் போடும் முன்பே கூட்டத்தில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். தீராவிட்டால் பந்தல் வேண்டாம்.

இலவசம்தான் அன்பு என்றில்லை

கோவைக்குப் பக்கத்தில் வடிவேலம்பாளையத்தில் கமலாத்தாள் என்ற பாட்டியைப் பற்றி 2019-ல் எல்லாப் பத்திரிகையிலும் செய்தி வந்தது. 80 வயதில் விறகடுப்பில் இட்லி சுட்டு ஒரு ரூபாய்க்கு விற்றார். கூலி வேலைக்குப் போகிறவர்கள் வயிறார சாப்பிட வேண்டும் என்பது அவர் எண்ணம். 2020-ல் ஊரடங்கு வந்து விலைவாசி ஏறியபோதும் அவர் விலையை ஏற்றவில்லை. இவர் சும்மா கொடுக்கவில்லை, கவனித்தீர்களா? ஒரு ரூபாய் வாங்கினார். சாப்பிட்டவர் காசு கொடுத்துச் சாப்பிட்டேன் என்று தலை நிமிர்ந்து போனார். கொடுப்பவர் பெரியவர், வாங்குபவர் சிறியவர் என்ற கணக்கே அங்கே எழவில்லை.

2015-ல் ஈரான் நாட்டு மஷ்ஹத் நகரில் ஒரு சுவரில் கொக்கிகளை மாட்டி, தேவையில்லாத குளிர் உடையை மாட்டிவிட்டுப் போங்கள், தேவைப்படுகிறவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று எழுதி வைத்தார்கள். அது பல நாடுகளுக்குப் பரவி, நம் திருநெல்வேலியிலும் 'அன்புச் சுவர்' வந்தது. கொடுப்பவர் எடுப்பவரைப் பார்ப்பதில்லை, எடுப்பவர் யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. சுமைதாங்கிக் கல்லும் இதே யோசனைதான், இல்லையா? ஆனால் துணியைத் துவைத்து, பட்டன் தைத்து, மடித்து வைக்க வேண்டும். வீட்டுக் கிழிசலைக் கொண்டுபோய்த் தள்ளினால் அதற்குப் பேர் வேறு.

பயம் என்ன செய்யும்

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில் நடந்ததை மறக்க முடியாது. சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்தது. வழி தெரியாமல் நிறுத்தி விசாரித்தார்கள். அங்கே நின்ற பிள்ளைகளுக்கு அந்தக் குடும்பத்து வயதான அம்மா ஆசையாகச் சாக்லேட் கொடுத்தார். அந்தச் சமயத்தில் "வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள்" என்று வாட்ஸ்அப்பில் பொய்ச் செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் கூடி அடித்ததில் அந்த அம்மா இறந்துபோனார். உடன் வந்தவர்களும் பலத்த காயமடைந்தார்கள்.

அவர் செய்தது என்ன? நாம் எல்லோரும் செய்வதுதான். வெளியூர் போனால் குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிறோம், கையில் இருப்பதைக் கொடுக்கிறோம். அடித்தவர்களும் எங்கிருந்தோ வந்தவர்கள் இல்லை, அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள்தான். வழி கேட்டு நின்றவர்களிடம் நிதானமாக "எந்த ஊரு, எந்தக் கோயிலுக்கு வந்தீங்க?" என்று நாலு கேள்வி கேட்டிருந்தால் விஷயம் தெரிந்திருக்கும்.

ஆகவே குழுக்கள் இதைப் பேசி முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். சந்தேகப்படும்படி யாராவது வந்தால் முதலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள், பேசுங்கள். பாஷை புரியாவிட்டால் இந்தி தெரிந்த பிள்ளையைக் கூப்பிடுங்கள். அப்போதும் சந்தேகம் தீராவிட்டால் 100 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள். குழந்தை சம்பந்தப்பட்டது என்றால் 1098. யாரும் கை ஓங்கக் கூடாது. ஓங்கினால் நாலு பெண்கள் நடுவில் போய் நிற்க வேண்டும். மற்றபடி, யார் அனுப்பினார் என்றே தெரியாத குரல் பதிவை அடுத்தவருக்குத் தள்ளிவிடாதீர்கள். நம் வட்டிக் கணக்கைச் சரிபார்க்கிற கண்ணோடு அதையும் பார்க்கலாமே.

அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கினால் கேஸ் வருமா?

கூட்டங்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. "தூக்கிட்டுப் போனா போலீஸ் நம்மளையே பிடிச்சு விசாரிக்கும், கோர்ட்டுக்கு அலையணும்" என்கிறார்கள். அந்தக் காலத்தில் அப்படி அலைந்தவர்கள் உண்டு, பயம் காரணமில்லாமல் வந்ததில்லை. ஆனால் சட்டம் மாறிவிட்டது.

2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், விபத்தில் உதவுபவர்களுக்கான வழிகாட்டு நெறிகளுக்குச் சட்டத்தின் பலம் கொடுத்தது. பிறகு 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, 134ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல், காயம்பட்டவர் இறந்தே போனாலும், வழக்குப் போட முடியாது. நாம் பேரையும் முகவரியையும் சொல்ல வேண்டும் என்று போலீஸோ ஆஸ்பத்திரியோ கட்டாயப்படுத்தக் கூடாது. சாட்சி சொல்வது நம் விருப்பம். ஆஸ்பத்திரியில் சேர்த்தவரிடம் "நீங்க பணம் கட்டுங்க" என்று கேட்கக் கூடாது, போகவிடாமல் நிறுத்தவும் கூடாது.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம் என்பதற்காக, 2021 டிசம்பரில் தமிழக அரசு 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தொடங்கியது. விபத்தில் அடிபட்டவருக்கு, அவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு.

நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். 108-க்குச் சொல்லி இடத்தை அடையாளத்தோடு சொல்லுங்கள், எந்த ஊர், எந்த மைல்கல், பக்கத்தில் என்ன கோயில் என்று. ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். கழுத்திலோ முதுகிலோ அடி என்று தோன்றினால் ஆம்புலன்ஸ் வரும்வரை அசைக்க வேண்டாம். அடிபட்டவர் பெண்ணாக இருந்தால் துணி விலகியிருக்கும், முதலில் ஒரு சேலையைப் போர்த்துங்கள். நம்மை யாரென்று தெரியாவிட்டாலும் அந்த ஒரு காரியத்துக்காகவே அவர் காலத்துக்கும் நினைத்துக்கொள்வார். பையிலும் போனிலும் இருப்பதை ரெண்டு பேர் சாட்சியாக எடுத்து ஆம்புலன்ஸ்காரரிடம் ஒப்படையுங்கள்.

உங்கள் ஊர்க் கல்லை எழுதி அனுப்புங்கள்

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த குழுக் கூட்டத்துக்கு முன்னால், உங்கள் ஊரிலோ சந்தைக்குப் போகும் பழைய வழியிலோ சுமைதாங்கிக் கல் இருக்கிறதா என்று பாருங்கள். பாதி புதைந்திருக்கலாம், வேலிக்குள் போயிருக்கலாம். முழம் போட்டு உயரத்தை அளந்து எழுதுங்கள். எழுத்து ஏதும் வெட்டியிருந்தால் சுண்ணாம்பைத் தேய்க்காமல், தண்ணீர் தெளித்துச் சாய்வான வெயிலில் பார்த்தால் தெரியும், அப்படியே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். யாருக்காக நட்டது என்று ஊரில் மூத்த பாட்டியிடம் கேளுங்கள். பேர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, "அந்தப் புள்ளத்தாச்சி செத்துப்போன கதை" என்று ஏதாவது சொல்வார்கள். அதையும் அவர்கள் சொன்ன பாஷையிலேயே எழுதி, ஊக்குநர் மூலமாகக் கூட்டமைப்பு அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள். வந்தவற்றை வரும் இதழ்களில் ஊர் வாரியாகப் போடுகிறோம். கல் சாய்ந்து கிடந்தால் அதையும் எழுதுங்கள். பத்துப் பேர் கை கொடுத்தால் நிமிர்த்தி நட்டுவிடலாமா என்று பஞ்சாயத்தில் கேட்டுப் பார்ப்போம்.